சீனியின் இலக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல

நீரிழிவு வசதி படைத்தோரின் நோய், வியர்வை சிந்தி உழைப்போரை அது அண்டாது என்ற நம்பிக்கை எமது தோட்டப்புற மக்களிடையே நீண்டகாலமாக நிலவி வந்தது. மலைச்சரிவில் நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், பொழுது புலருமுன்னரே றப்பர் மலைக்குப் பால் வெட்டச் செல்லும் தொழிலாளிக்கும் ‘சீனி வருத்தம்’ எங்கிருந்து வரப்போகின்றது என்று கேட்டவர்கள் பலர். இன்று அக்கேள்விக்கு இடமில்லை. இரத்தினபுரி, பலாங்கொடை, காவத்தை, கேகாலை, கரவனெல்லை ஆகிய இடங்களிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் வரிசைகளில் நகரத்து வர்த்தகருக்குப் பக்கத்திலேயே தோட்டத் தொழிலாளியும் கிளினிக் கொப்பியும் கையுமாக அமர்ந்திருப்பதைக் காணலாம்.

நாட்டின் பொதுநிலையும் இதனையே உணர்த்துகின்றது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு நீங்கலான 7 மாகாணங்களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மட்ட ஆய்வில் வளர்ந்தோரிடையே அது 23 சதவீதமாகப் பதிவாகியது. இரு ஆய்வுகளின் முறைகளும் வேறுபட்டவை என்பதைக் கருத்திற் கொண்டாலும், வளர்ந்தோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் என்ற நிலைக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம் என்பதை மறுப்பதற்கில்லை.

நோய் இருப்பது தெரியவந்து, மாத்திரையும் இன்சுலினும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் ஒரு முக்கியமான கேள்வி பலரிடத்தில் விடையின்றியே இருந்து விடுகின்றது. “எனக்குச் சீனி எவ்வளவு இருக்க வேண்டும்?” என்பதே அக்கேள்வி. “இந்த முறை கூடியிருக்காம்”, “கொஞ்சம் குறைஞ்சிருக்காம்” என்று மட்டும் சொல்லக்கூடியவராக ஒரு நோயாளி கிளினிக்கிலிருந்து வெளியே வருவாராயின் அவரது சிகிச்சை பாதி வழியிலேயே நிற்கின்றது என்றுதான் கூற வேண்டும். எதிலிருந்து கூடியது, எதிலிருந்து குறைந்தது என்பதை அறியாதவர் அடுத்த கிளினிக் நாள் வரையிலான நாட்களை எவ்வாறு நடத்துவார்? எட்டு வயதுப் பிள்ளைக்கும், முப்பது வயதுக் கர்ப்பிணிக்கும், எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே இலக்கு பொருந்தாது என்பதே இவ்விடயத்தில் முதலில் அறிய வேண்டியதாகும்.

எண்கள் கூறும் செய்தி

குருதியிலுள்ள குளுக்கோஸின் அளவு எமது நாட்டு ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் ஒரு டெசிலீற்றர் குருதிக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படுகின்றது. இக்கட்டுரையில் இனி வரும் சீனி அளவுகள் யாவும் அவ்வலகிலேயே அமைந்துள்ளன. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பரிசோதனைக் கருவி 7, 8 என்பது போன்ற சிறிய எண்களைக் காட்டுமாயின் அது மில்லிமோல் என்ற வேறோர் அலகில் கணிக்கின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வெண்ணை 18 ஆல் பெருக்கினால் எமக்குப் பழக்கமான எண் கிடைக்கும். 7 என்பது 126 ஆகும். 10 என்பது 180 ஆகும்.

இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் எடுக்கும் ‘எப்.பி.எஸ்.’ பரிசோதனையில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவைக் காட்டும். வெளிப்படையான நோய்க்குறிகள் இல்லாதவருக்கு வேறொரு பரிசோதனை அதனை உறுதிப்படுத்த வேண்டும். இது நோயைக் கண்டறிவதற்கான எல்லையாகும். நோய் உறுதியான பின்னர் எட்ட வேண்டிய இலக்கு வேறு. கர்ப்பிணியல்லாத பெரும்பாலான வளர்ந்தோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உணவுண்ணத் தொடங்கி ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலங்களில் 180 இற்குக் குறைவாகவும் இருக்க வேண்டுமென்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டலாகும். பல நாடுகளின் வைத்தியர்களும் இவ்வளவுகளையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

மூன்றாவது எண் ‘எச்.பி.ஏ.1.சி.’ என்பதாகும். குருதியின் செங்கலங்களிலுள்ள ஈமோகுளோபினில் எத்தனை சதவீதம் குளுக்கோஸுடன் பிணைந்துள்ளது என்பதை இது காட்டுகின்றது. செங்கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், கடந்த 2 அல்லது 3 மாத காலத்தின் சராசரி நிலையை இதிலிருந்து அறியலாம். இது 7 சதவீதமாக இருந்தால் சராசரிச் சீனி 154 என்றும், 8 ஆக இருந்தால் 183 என்றும், 9 ஆக இருந்தால் 212 என்றும் பொருள்படும்.

கிளினிக்குக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் இனிப்பை நிறுத்தி, இரவுணவையும் குறைத்துக்கொண்டு செல்லும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. அவ்வாறு செய்வதால் அன்றைய எப்.பி.எஸ். எண் அழகாக வந்து விடலாம். வைத்தியரும் மருந்தை மாற்றாமல் விடுவார். ஆனால், கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் சீனி அந்த இரண்டு நாட்களுக்குரியதல்ல. மூன்று மாதக் கணக்கை எச்.பி.ஏ.1.சி. காட்டிக்கொடுத்து விடும்.

இலக்குகள் வந்த வழி

இவ்வெண்கள் எவரோ ஒருவர் மேசையிலிருந்து எழுதியவையல்ல. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேர் ஓர் ஆய்வில் பங்குகொண்டனர். ஒரு பிரிவினரின் எச்.பி.ஏ.1.சி. ஏறத்தாழ 7 சதவீதத்திலும் மற்றப் பிரிவினரது 9 சதவீதத்தை அண்டியும் இருந்தன. கட்டுப்பாட்டைப் பேணிய முதற் பிரிவினரில் விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதத்தினால் குறைந்திருந்தது. இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி 1977 இல் ஆரம்பிக்கப்பட்ட பிரித்தானிய ஆய்வு 1998 இல் தன் முடிவுகளை வெளியிட்டது. சராசரி எச்.பி.ஏ.1.சி. 7.9 இலிருந்து 7.0 ஆகக் குறைக்கப்பட்டபோது, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்களில் ஏற்படும் பாதிப்புகள் 25 சதவீதத்தினால் குறைந்தன. ‘ஏழுக்குக் கீழ்’ என்ற இலக்கு இவ்வாறுதான் வலுப்பெற்றது.

அவ்வாறாயின் இன்னும் குறைத்தால் இன்னும் நல்லதல்லவா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கும் விடை கிடைத்தது. இரண்டாம் வகை நீரிழிவும் இருதய நோய்க்கான அபாயமும் கொண்ட 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ‘அக்கோர்ட்’ எனும் அமெரிக்க ஆய்வு, ஒரு பிரிவினரின் எச்.பி.ஏ.1.சி.யை 6 இற்குக் கீழே கொண்டுவர முயன்றது. அப்பிரிவில் மரணங்கள் அதிகரித்ததால் 2008 பெப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. முதலிற் கூறிய ஆய்விலும், கட்டுப்பாட்டைப் பேணியவர்களிடையே சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்த சம்பவங்கள் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆகவே இலக்கு என்பது ஒருபுறம் வருடக்கணக்கில் உறுப்புகளை அரிக்கும் கூடிய சீனிக்கும், மறுபுறம் சில நிமிடங்களில் ஆளை வீழ்த்தும் குறைந்த சீனிக்கும் இடையில் அமைந்த பாதையாகும். அப்பாதை எவருக்கு எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பது அவரது வயது, தொழில், உடல்நிலை, வாழும் இடம் என்பவற்றைப் பொறுத்தே தீர்மானிக்கப்பட வேண்டும்.

பிள்ளைகளின் நிலை

நீரிழிவு பிள்ளைகளுக்கும் வரும் என்பதையே எம்மவர் பலர் அறியார். பிள்ளைகளிடத்தில் முதலாம் வகையே அதிகம். அவர்களுடைய உடலில் இன்சுலின் சுரப்பது நின்று விடுவதால், ஊசி மூலம் அதனைச் செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகளுக்குக் குறுகிய வாழ்வே எஞ்சியிருந்தது. பாகற்காய்ச் சாறோ, கொத்தலாஹிம்புட்டுக் கஷாயமோ, நூல் கட்டுவதோ, மந்திரிப்பதோ இன்சுலினுக்கு ஈடாகாது. பெற்றோர் இதனை ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும்.

அடிக்கடி சிறுநீர் கழித்தல், தீராத தாகம், நன்றாக உண்டும் மெலிதல், படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குதல் என்பன ஆரம்ப அறிகுறிகளாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து விரைவாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை என்பன தோன்றினால் நிலைமை முற்றிவிட்டதென்றே பொருள். இதனைப் பூச்சிக்கோளாறு என்றோ, உணவு ஒவ்வாமை என்றோ கருதி ஒருநாள் தாமதித்தாலும் உயிராபத்து நேரலாம். தோட்ட மருந்தகத்திலாயினும் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனியைப் பார்த்துவிட்டால் உண்மை உடனே தெரிந்து விடும்.

பிள்ளைகளுக்கான இலக்கு காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. 2005 இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 6 வயதுக்குட்பட்டோருக்கு 7.5 முதல் 8.5 வரையும், 6 முதல் 12 வயதினருக்கு 8 இற்குக் குறைவாகவும், 13 முதல் 19 வயதினருக்கு 7.5 இற்குக் குறைவாகவும் எச்.பி.ஏ.1.சி. இருக்கலாம் என்றது. சீனி குறைந்து பிஞ்சு மூளை பாதிக்கப்படலாம் என்ற அச்சமே இத்தளர்வுக்குக் காரணமாகும். நீடித்த உயர் சீனியும் வளரும் மூளைக்குத் தீங்கானதே என்பது பின்னர் தெளிவாகியதால் இலக்கு இறுக்கப்பட்டது. இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7 இற்குக் குறைவு என்பதே சர்வதேச வழிகாட்டல். சீனியை இடைவிடாது அளவிடும் கருவிகளும் நவீன இன்சுலின் பம்பிகளும் கிடைக்கப்பெற்ற பிள்ளைகளுக்கு அது 6.5 ஆகவும் குறைக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் தோட்டப்புறப் பெற்றோர் மனந்தளரத் தேவையில்லை. அடிக்கடி பரிசோதிக்க வசதியில்லாத பிள்ளைக்கும், சீனி குறையும்போது ஏற்படும் உணர்வைச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைக்கும் 7.5 இற்குக் குறைவு என்ற இலக்கே பொருத்தமானது என்று அதே வழிகாட்டல்கள் கூறுகின்றன. முன்னர் கடுமையான சீனிக்குறைவு ஏற்பட்ட பிள்ளைக்கு 8 இற்குக் குறைவு என்பதும் ஏற்கத்தக்கதே. எதனைத் தெரிவு செய்வது என்பதைப் பிள்ளையின் வைத்தியரே தீர்மானிப்பார். அன்றாடம் 70 இற்கும் 180 இற்கும் இடையில் சீனியை வைத்திருக்க முயல்வதே பெற்றோரின் பணியாகும். பரிசோதனைத் தாள்கள் போதாதவிடத்து விடியற்காலையிலும், உறங்கச் செல்லுமுன்னரும், பிள்ளையின் நடத்தையில் மாற்றம் தென்படும் வேளையிலும் பார்ப்பதற்கென அவற்றைச் சேமித்து வைப்பது புத்திசாலித்தனமாகும்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை உண்ணாத நாளிலும் இன்சுலினை முற்றாக நிறுத்தி விடக்கூடாது. அளவை எவ்வாறு மாற்றுவது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருத்தல் வேண்டும். லயன் அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்பதால் இன்சுலின் பழுதாகி விடுமென அஞ்சுவோரும் உள்ளனர். பாவனையிலுள்ள குப்பியை வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில், ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்து ஏறத்தாழ 4 வாரங்கள் பயன்படுத்தலாம்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு இவ்விடயம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் பையில் சீனிப் பொட்டலமொன்று இருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு நோயென்று வெளியே தெரிந்தால் நாளைக்குத் திருமணம் தடைப்படுமே என்று ஒளித்து வைக்கும் பெற்றோரின் மனநிலை எமக்குப் புரியாததன்று. ஆனால் வகுப்பறையில் பிள்ளை மயங்கி விழும்போது என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாமலிருப்பது அதனிலும் கொடிது.

உழைப்போரும் சீனிக்குறைவும்

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பகுதிகளில் பால் வெட்டும் தொழிலாளி விடியுமுன்னரே ஒரு கோப்பை தேநீருடன் வெளிக்கிட்டு விடுகின்றார். இறக்குவானை, பலாங்கொடைத் தேயிலை மலைகளிலும் காலைச் சாப்பாடு பல வேளைகளில் மலையிலேயே, அதுவும் தாமதமாகவே நிகழ்கின்றது. கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகள் உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டுபவை. அத்தகைய மாத்திரையை விழுங்கி விட்டு உண்ணாமல் மலையேறினால் சீனி 70 இற்குக் கீழே இறங்கலாம். மெட்போமின் மாத்திரை மட்டும் உட்கொள்வோருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. ஆதலால் தாம் விழுங்கும் மாத்திரையின் பெயரை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

வியர்த்தல், கை நடுக்கம், நெஞ்சு படபடத்தல், திடீர்ப் பசி, தடுமாற்றம் என்பன சீனிக்குறைவின் அறிகுறிகள். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சீனியை, அதாவது ஏறத்தாழ 15 கிராமை, உடனே நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். குணமில்லையெனில் மீண்டும் அவ்வாறே செய்து, பின்னர் உணவுண்ண வேண்டும். சிறுவர்களுக்கு இதனிலும் குறைந்த அளவு போதுமானது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஏறத்தாழ 6 கிராம் போதும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். மலையில் இவ்வாறு தடுமாறும் தொழிலாளியை ‘குடித்து விட்டு வந்திருக்கிறான்’ என்று கங்காணியோ சக தொழிலாளியோ ஒதுக்கி விடுவதனால் ஓர் உயிர் போகக்கூடும்.

கிளினிக் நாளும் அவதானத்துக்குரியது. எப்.பி.எஸ். பரிசோதனைக்காக வெறும் வயிற்றுடன் அதிகாலை பஸ்ஸில் புறப்படுவோர், இரத்தம் எடுத்து உணவருந்தும் வரை காலை வேளைச் சீனி மாத்திரையையோ இன்சுலினையோ பாவித்தல் கூடாது. உணவுப் பொதியைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

மறுபக்கத்தில், தோட்டத்து உணவுப் பழக்கம் சீனியை உயர்த்துவதாகவே அமைந்துள்ளது. கோதுமை மா ரொட்டி, சோறு, சீனி கூடிய தேநீர் என்பனவே அன்றாட ஆகாரம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேநீர் அருந்துபவர் தேநீரில் மட்டுமே ஏறத்தாழ 40 கிராம் சீனியை உட்கொள்கின்றார். நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேற்படாதிருப்பதும், இயலுமாயின் 25 கிராமுக்குள் நிற்பதும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவுறுத்தியது. இது நோயற்றவர்களுக்கும் உரிய அறிவுரையாகும். மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பருப்பையும் வல்லாரை, முருங்கை போன்ற கீரையையும் கூட்டிக்கொள்வதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

முதியோரும் கர்ப்பிணிகளும்

வயது முதிர்ந்தவர்களில் திடகாத்திரமானோருக்கு எச்.பி.ஏ.1.சி. 7 முதல் 7.5 வரையில் இருப்பது போதுமானது. பல நோய்கள் சேர்ந்திருப்போருக்கு 8 இற்குக் குறைவாகவும், உணவுக்கு முன் 90 முதல் 150 வரையிலும் இருந்தால் போதும். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குச் சென்றுவிட, லயத்தில் தனியே வாழும் முதியவருக்கு இரவில் சீனி குறைந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதே பேராபத்து. ‘அயலவருக்கு 110, எனக்கு மட்டும் 145’ என்று கவலையுற்றுத் தாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது தவறாகும்.

கர்ப்பிணிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. வயிற்றிலுள்ள சிசுவின் நலனுக்காக இலக்கு மிகவும் இறுக்கமாக அமைகின்றது. வெறும் வயிற்றில் 95 இற்குக் குறைவாகவும், உணவின் பின் ஒரு மணித்தியாலத்தில் 140 இற்குக் குறைவாகவும், இரண்டு மணித்தியாலத்தில் 120 இற்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். வழமையாக 130 நல்லதென்று கேட்டுப் பழகிய பெண்ணுக்கு இதனைத் தனியாக விளக்கிச் சொல்வது அவசியம்.

எச்.பி.ஏ.1.சி. எண்ணும் சில வேளைகளில் எம்மை ஏமாற்றக்கூடும். இரும்புச்சத்துக் குறைவினால் ஏற்படும் இரத்தசோகை அந்த எண்ணை உண்மையை விடக் கூட்டிக் காட்டலாம். தலசீமியா போன்ற குருதிநோய்களில் அது குறைத்துக் காட்டலாம். தோட்டத்துப் பெண்களிடையே இரத்தசோகை நீண்டகாலப் பிரச்சினையாகும். எனவே விரல் நுனியில் பார்த்த எண்களும் எச்.பி.ஏ.1.சி.யும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடின் அதனை வைத்தியரிடம் எடுத்துக் கூற வேண்டும்.

கூடிய சீனி பாதங்களின் உணர்வை மெதுவாகக் களவாடி விடுகின்றது. அட்டை கடித்த புண்ணும், வெறுங்காலில் ஏறிய முள்ளும் உணரப்படாமலே அழுகத் தொடங்கும். இரவில் பாதங்களைப் பார்த்துக் கழுவித் துடைப்பதற்கு எவரும் காசு கேட்பதில்லை. திருவிழாவில் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டிருப்போர், பாதத்தில் உணர்வு குன்றியிருந்தால், அந்நேர்த்தியை வேறு விதத்தில் நிறைவேற்றுவது நலம்.

நோன்பும் விரதமும்

மாவனல்லை, ஹெம்மாத்தகமை, இரத்தினபுரி, பலாங்கொடை முதலான இடங்களில் வாழும் முஸ்லிம் சகோதரர்களுக்கு ரமழான் மாதம் இவ்விடயத்தில் தனிக்கவனத்தைக் கோருகின்றது. 2001 இல் 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவாளர்களிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின்படி, ரமழானில் கடுமையான சீனிக்குறைவு முதலாம் வகையினரிடையே 4.7 மடங்காகவும், இரண்டாம் வகையினரிடையே 7.5 மடங்காகவும் அதிகரித்தது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது திருக்குர்ஆனிலேயே கூறப்பட்டுள்ளது. எவர் நோன்பு நோற்கலாம், எவர் தவிர்க்க வேண்டும் என்பதை ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசித்தல் வேண்டும். மாத்திரையின் நேரமும் அளவும் அப்போதே மாற்றியமைக்கப்பட வேண்டும்.

நோன்பிருக்கும்போது சீனி 70 இற்குக் குறைந்தாலோ 300 ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே முறித்துக்கொள்ள வேண்டுமென்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் ரமழான் நீரிழிவு அமைப்பும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டலாகும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதும் மார்க்க அறிஞர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் பொரித்த பண்டங்களும் சர்பத்தும் சேர்ந்தால் இரவுச் சீனி எல்லை மீறும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் உபவாசமிருக்கும் இந்துக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விரதமிருக்கும் தாய் வழமையான மாத்திரையை வழமையான அளவில் விழுங்குவது ஆபத்தாகும்.

செய்ய வேண்டியவை

தோட்டத்து மக்களின் சுகாதாரம் நாட்டின் ஏனைய மக்களின் சுகாதார சேவையிலிருந்து வேறான வழியில் வளர்ந்து வந்ததொன்றாகும். தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்ற பின்னரும், தோட்ட மருந்தகம் ஒருபுறமும் அரசாங்க வைத்தியசாலை மறுபுறமுமாக இருந்து வருகின்றன. மகப்பேற்றையும் தொற்றுநோயையும் கவனிப்பதற்கென அமைந்த இம்மருந்தகங்கள், வாழ்நாள் முழுவதும் தொடரும் நீரிழிவையும் கவனிக்கத் தக்கவையாக மாற வேண்டும். ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் இயங்கும் நிலையிலுள்ள பரிசோதனைக் கருவியும் போதிய தாள்களும், இன்சுலினை வைப்பதற்கான குளிர்சாதனப் பெட்டியும் இருப்பது பெருஞ்செலவுக்குரிய கோரிக்கையன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாட்டையே வாட்டியபோது, தனியார் மருந்தகத்தில் வாங்க வசதியற்றவரே முதலில் பாதிக்கப்பட்டனர் என்பதை நாம் மறந்து விடலாகாது.

கிளினிக் செல்லும் நாள் தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் இழக்கும் நாளாகவும் உள்ளது. பஸ் கட்டணமும் சேர்ந்தால் ஒரு கிளினிக்கைத் தவறவிடுவதே இலாபமென்று தோன்றுவதில் வியப்பில்லை. கிளினிக் கொப்பியைக் காட்டுபவருக்கு அன்றைய நாளைச் சம்பளத்துடன் வழங்குவது பற்றித் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசித் தீர்க்க வேண்டும். அரசாங்கம் 2011 முதல் அமைத்து வந்துள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியோர் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அந்நிலையம் தோட்டத்துக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இயங்குமாயின் நோய் முற்றுமுன் பலரைக் கண்டறியலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது மொழியாகும். 1987 இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் கிளினிக் கொப்பியைத் திறந்து தன் மொழியில் ஒரு வரியைத் தானும் வாசிக்க முடியாத தமிழ் பேசும் நோயாளர்கள் இன்னும் உள்ளனர். ‘உமது எச்.பி.ஏ.1.சி. இலக்கு இது, உணவுக்கு முன் இவ்வளவு, உணவின் பின் இவ்வளவு, இதற்குக் கீழே இறங்கினால் சீனி குடிக்கவும்’ என்ற நான்கு வரிகளைக் கொப்பியின் முதற்பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, எண்களுக்கு மட்டும் இடம் விட்டு வைத்தால், சிங்களம் மட்டுமே அறிந்த வைத்தியரும் தாதியும்கூட அதனை நொடியில் நிரப்பி விடலாம். எண்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையல்லவா?

கொப்பியில் அவ்வாறானதொரு பக்கம் அச்சிடப்படும் வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிளினிக் நாளில் ஒவ்வொரு நோயாளியும், பிள்ளையின் கையைப் பிடித்துச் செல்லும் ஒவ்வொரு தாயும் தகப்பனும், “எனது இலக்கு எத்தனை? என் பிள்ளையின் இலக்கு எத்தனை?” என்று கேட்டு, அதனைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாதவிடத்து எழுதப்படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். அந்த எண் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.